தேய்ந்தால்தான் அழிக்கும்: அச்சில் வார்த்து வீட்டிலேயே ரப்பர் செய்வது

பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் இன்று இருக்கும் வெள்ளை ரப்பர்களில் பெரும்பாலானவற்றில் ரப்பர் மரத்துப் பால் ஒரு சொட்டுகூடக் கிடையாது. பி.வி.சி. பவுடர், அதை மெதுவாக்கும் எண்ணெய், சுண்ணாம்புக்கல் மாவு, இவ்வளவுதான் அது. 1770-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, பென்சில் கோட்டை அழிக்கும் ஒரு பொருளைப் பற்றி எழுதிவைத்தபோது அது மரத்துப் பால் உறைந்த கட்டியாக இருந்தது. எட்வர்ட் நெய்ர்ன் என்பவர் அரை அங்குலக் கட்டி ஒன்றை மூன்று ஷில்லிங்குக்கு விற்றார். தேய்த்து அழிப்பதற்குப் பயன்பட்டதால்தான் ஆங்கிலத்தில் ரப்பர் என்ற பெயரே வந்தது. உள்ளே இருக்கும் சரக்கு மாறிவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வீட்டில் இருபது, முப்பது என்று மொத்தமாகச் செய்ய பி.வி.சி. குழம்புதான் ஏற்றது. மரப்பாலில் நல்ல அழிரப்பர் வேண்டுமென்றால் கந்தகம், கெட்டிப்படுத்திய தாவர எண்ணெய், அழுத்தி வேகவைக்கும் இயந்திரம் எல்லாம் வேண்டும். பி.வி.சி. குழம்பை அச்சில் ஊற்றி, சூடாக்கி, ஆறவைத்து எடுத்துவிடலாம். கீசெயின், சட்டையில் தைக்கும் மெத்தென்ற சின்னம் ஆகியவற்றைச் செய்யும் சிறு பட்டறைகளில் நடப்பதும் இதே வேலைதான். ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கீசெயின் பல வருஷம் கிழியாமல் இருக்க வேண்டும், ரப்பரோ தேய்ந்து உதிர வேண்டும். தாளில் படிந்திருக்கும் பென்சில் கரி, அதாவது கிராபைட் துகள், ரப்பரின் மேற்பரப்பில் ஒட்டுகிறது. அந்த மேற்பரப்பு உடனே உருண்டு உதிர்ந்து, கரியைச் சுமந்துகொண்டு போய்விட வேண்டும். உதிராத ரப்பர் அந்தக் கரியை அப்படியே தாள் முழுக்க இழுத்துப் பூசும். முதல்முறை செய்கிறவர்கள் எல்லாரும் உறுதியான, பளபளப்பான கட்டி வந்தால் வெற்றி என்று நினைக்கிறார்கள். தோல்வி அங்கேதான் தொடங்குகிறது. கீழே வரும் அளவு, சூடு, நேரம் எல்லாமே சரியான அளவில் உதிரும் ஒரு கட்டியை வரவழைப்பதற்காகத்தான்.

சரக்கில் முதலாவது, பேஸ்ட் கிரேடு பி.வி.சி. ரெசின். குழாய் செய்யப் பயன்படும் சாதாரண பி.வி.சி. பவுடர் வேறு. அதன் துகள் பெரிது, எண்ணெயில் குழம்பாகாமல் மணல்போல அடியில் இறங்கிவிடும். பேஸ்ட் கிரேடு மைதாவைவிட நைசாக இருக்கும். நம் மேட்டூரில் கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலை இந்த வகை ரெசினைத்தான் தயாரிக்கிறது. செயற்கைத் தோல் செய்கிறவர்கள்தான் அதற்குப் பெரிய வாடிக்கையாளர்கள். மூட்டையாக விற்பார்கள் என்பதால், கெமிக்கல் கடையிலோ கீசெயின் பட்டறையிலோ இரண்டு கிலோ பிரித்து வாங்குவதுதான் வழி.

அடுத்தது மெதுவாக்கும் எண்ணெய், பிளாஸ்டிசைசர். இதில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. கடையில் மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பது டி.ஓ.பி. அது தாலேட் என்ற வேதிப்பொருள் வகை. குழந்தைகள் பொருளில் அது வேண்டாம் என்று பல நாடுகள் கட்டுப்படுத்தியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையாட்டுப் பொருளில் அதற்கு 0.1 சதவீதம்தான் வரம்பு. இந்தியாவின் பொம்மைத் தரநிலையான ஐ.எஸ். 9873-லும் தாலேட்டுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ரப்பரைக் கடிக்காத குழந்தை ஏது? அதனால் டி.ஓ.டி.பி. என்ற வேறொரு பிளாஸ்டிசைசரைக் கேட்டு வாங்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் கூடுதல். கடைக்காரர் காதில் டி.ஓ.பி. என்று விழுந்தால் அதைத்தான் டின்னில் ஊற்றித் தருவார், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சீட்டில் எழுதிக் கொடுங்கள், பில்லிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லேபிள் இல்லாத டின்னில் இருப்பதை ரப்பருக்குப் பயன்படுத்த வேண்டாம்.

மூன்றாவது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் மாவு. ஸ்டியரிக் அமிலப் பூச்சு கொடுத்த நைஸ் ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பூச்சில்லாத, மிகவும் நைசான ரகம் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதே எடையைப் போட்டாலும் குழம்பு ஊற்ற வராமல் களியாகிவிடும். வெள்ளையாக இருக்கிறதே என்று கோலமாவைப் போடுகிறவர்கள் உண்டு. கடைக் கோலமாவு கல்லை அரைத்தது, சொரசொரவென்று இருக்கும். அது கலந்த ரப்பர் எழுத்தோடு தாளின் தோலையும் உரித்துவிடும்.

நான்காவது, சூட்டில் பி.வி.சி. சிதையாமல் காக்கும் ஸ்டெபிலைசர். கால்சியம்-ஜிங்க் வகையை மட்டும் வாங்குங்கள். குழாய்த் தொழிலுக்கென்று விற்ற ஈய வகை ஸ்டெபிலைசர்கள் இன்னும் சில கடைகளில் கிடக்கலாம். பிள்ளைகள் கையில் போகும் பொருளில் ஈயத்துக்கு இடமே இல்லை. இதோடு எபாக்சி ஏற்றிய சோயா எண்ணெய் கொஞ்சம் சேர்த்தால் சூட்டைத் தாங்கும் தன்மை கூடும். அதுவும் அதே கடைகளில் கிடைக்கும். சமையல் சோயா எண்ணெய் அதற்கு மாற்று ஆகாது, பி.வி.சி.யோடு சேராமல் கசிந்து வெளியே வந்துவிடும்.

அளவு இது: ரெசின் 100 கிராம், டி.ஓ.டி.பி. 120 கிராம், கால்சியம் கார்பனேட் 100 கிராம், சோயா எபாக்சி 5 கிராம், ஸ்டெபிலைசர் 3 கிராம். மொத்தம் 328 கிராம். இந்தக் கலவை ஒரு சி.சி.க்கு ஏறக்குறைய 1.38 கிராம் எடை வரும். 40 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம் உள்ள குழி 8 சி.சி. பிடிக்கும், ஆக ஒரு ரப்பர் சுமார் 11 கிராம். பாத்திரத்திலும் வடிகட்டியிலும் பத்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு போனாலும் எட்டுக் குழி அச்சு மூன்றை நிரப்பி, சோதனைக்கு இரண்டு துண்டும் கிடைக்கும். எல்லாவற்றையும் தராசில்தான் அளக்க வேண்டும். கப் கணக்கு உதவாது. அமுக்கி அள்ளிய ஒரு கப் ரெசினும் தளர அள்ளிய ஒரு கப்பும் எடையில் வெகுவாக வேறுபடும்.

அச்சுக்கு இரண்டு வழி. கேக், சாக்லேட் செய்யும் சிலிக்கான் அச்சு எளிது. குழம்பு அதில் ஒட்டாது, வளைத்தாலே ரப்பர் வெளியே வந்துவிடும். 200 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும். வாங்கியதும் வெறும் அச்சை 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ கடும் வாடை வந்தாலோ அது தேறாது. நீங்களே சிலிக்கான் ஊற்றி அச்சு எடுப்பதானால் மூல வடிவத்தை அக்ரிலிக்கிலோ நன்றாக மெருகேற்றிய மரத்திலோ செய்யுங்கள். கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணில் செய்தால் பிளாட்டினம் வகை சிலிக்கான் அந்த இடத்தில் இறுகாமல் கோந்தாகவே நின்றுவிடும்.

இரண்டாவது வழி அலுமினிய அச்சு. செலவு கூடுதல்தான், ஆனால் சூடு சீக்கிரம், சமமாக ஏறும், ஓரம் கூர்மையாக வரும். அடிப்பக்கத்தைவிட வாய்ப்பக்கம் ஒரு இழை அகலமாக இருக்கும்படி கடைந்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ரப்பரை நெம்பித்தான் எடுக்க வேண்டும். குழிக்குள் சிலிக்கான் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தாலே போதும். ஸ்ப்ரேயைத் தாராளமாக அடித்தால் மேற்பரப்பில் குழி விழும், ரப்பரும் தாளில் வழுக்கிக்கொண்டு ஓடும், அழிக்காது. எந்த அச்சானாலும் கனம் 12 மி.மீ.யைத் தாண்ட வேண்டாம். பி.வி.சி.யில் சூடு மெதுவாகத்தான் உள்ளே போகும். தடித்த கட்டியில் வெளித்தோல் வெந்து முடிந்த பிறகும் நடுவில் பச்சைக் குழம்பு இருக்கும்.

கலப்பதற்கு முந்தின நாளே கால்சியம் கார்பனேட்டைத் தட்டில் பரப்பி 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது கட்டாயம். மாவில் ஒட்டியிருக்கும் ஈரம் அச்சுக்குள் ஆவியாகி, வெட்டிப் பார்த்தால் ரொட்டிபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும். ரெசினைக் கையாளும்போது என்-95 முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், ஃபேனை நிறுத்திவிடுங்கள். கைக்கு நைட்ரைல் கையுறை.

டி.ஓ.டி.பி.யையும் சோயா எபாக்சியையும் ஸ்டெபிலைசரையும் முதலில் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். அதற்குள் ரெசினை மூன்று நான்கு தடவையாகத் தூவிக் கலக்குங்கள், கடைசியாகக் கார்பனேட். தலைகீழாக, பவுடரில் எண்ணெயை ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும், அந்தக் கட்டி கடைசிவரை கரையாது. முட்டை அடிக்கும் பீட்டர் வேண்டாம், அது காற்றை அடித்து ஏற்றும். தட்டையான மரத்துடுப்பால் பாத்திரத்தின் சுவரைத் தேய்த்தபடி பத்து நிமிஷம் நிதானமாகக் கலக்கினால் போதும். பதம், கரண்டியிலிருந்து அறுபடாமல் நாடாபோல இறங்கும் தோசை மாவு. இட்லி மாவுபோல பொத்தென்று விழுந்தால் இன்னும் 5 கிராம் டி.ஓ.டி.பி. சேர்க்கலாம், அதற்கு மேல் சேர்க்காதீர்கள்.

நைலான் வலையில் வடிகட்டி, மூடி, ஒரு இரவு வைத்துவிடுங்கள். காற்றுக் குமிழி தானாக மேலே வந்து உடையும். வேக்குவம் பம்ப் வைத்திருப்பவர்களுக்குப் பதினைந்து நிமிஷ வேலை. குழம்பை வைக்கும் இடம் குளிர்ச்சியாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடி அறையில் வைத்தால், அடுப்பே காணாமல் ரெசின் எண்ணெயைக் குடிக்க ஆரம்பித்து நாளுக்கு நாள் கெட்டியாகும். நிழலான இடத்தில் வைத்தாலும் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

இனி வேகவைப்பது. இதற்கென்று ஒரு ஓ.டி.ஜி. அடுப்பு (கேக் சுடும் சிறு மின்அடுப்பு) தனியாக வேண்டும். ஒருமுறை இதற்குப் பயன்படுத்திய அடுப்பில் மறுபடி சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கும் இடம், புகை இழுக்கும் ஃபேன் ஓடும் இடம். இட்லிக் குண்டானில் ஆவியில் வேகவைக்கலாமே என்று தோன்றும். ஆவி 100 டிகிரிக்கு மேல் போகாது, அது இந்தக் கலவைக்குப் பத்தாது, போதாக்குறைக்குத் தண்ணீர் சொட்டும். குக்கரில் மணல் பரப்பி கேக் சுடுவதுபோலச் செய்வது ஆபத்து. அடியில் சூடு 200-ஐத் தாண்டும், பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும், கண்ணும் தொண்டையும் எரியும். மைக்ரோவேவ் பக்கமே போக வேண்டாம்.

அடுப்பின் திருகில் எழுதியிருக்கும் டிகிரியை நம்பாதீர்கள். இருபது டிகிரி முன்னே பின்னே காட்டும் அடுப்புகள் சகஜம். உள்ளே தனி வெப்பமானி ஒன்றைத் தொங்கவிடுங்கள். கம்பி சிவந்து நேரடியாக அடிக்கும் சூட்டில் மேல்பக்கம் மட்டும் மஞ்சளாகிவிடும், அதனால் மேல்தட்டில் ஒரு அலுமினியத் தகட்டை மறைப்பாக வையுங்கள். அச்சின் அடியில் முன்பே சூடேறிய கனமான அலுமினியத் தகடு ஒன்று இருந்தால் எல்லாக் குழியும் ஒரே சீராக வேகும்.

குழம்பைக் குழியின் ஒரு மூலையில் மெல்லிய நூலாக ஊற்றி, தானாகப் பரவ விடுங்கள். விளிம்பு தட்ட நிரம்பியதும் அச்சை மேசையில் நாலைந்து தடவை தட்டி, ஸ்டீல் ஸ்கேலால் ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். அடுப்பு 140 டிகிரி. அலுமினிய அச்சில் 10 மி.மீ. கனத்துக்கு 20 முதல் 25 நிமிஷம், சிலிக்கான் அச்சில் 35 முதல் 45 நிமிஷம் என்று தொடங்குங்கள். சிலிக்கான் சூட்டைத் தடுத்து நிறுத்தும் பொருள், அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். கடிகாரத்தைவிட நம்பகமானது ஊசி வெப்பமானி. சோதனைக்கென்று ஒரு ரப்பரைப் பலி கொடுத்து, அதன் நடுவில் ஊசியைக் குத்தி வையுங்கள். நடுப்பகுதி 130-ஐத் தொட்டதிலிருந்து பத்து நிமிஷம்.

கீசெயின் பட்டறைக்காரர் இந்த 140 டிகிரியைக் கேட்டால் ‘170-க்கு மேல் ஏத்துங்க, அப்பதான் ஸ்ட்ராங்கா வரும்’ என்பார். அவர் வேலைக்கு அது சரி. முதல் கட்டத்தில் ரெசின் துகள் எண்ணெயைக் குடித்து உப்பிக் குழம்பை இறுக்கும். அந்த நிலையில் எடுத்தால் விரல் பட்டாலே உதிரும். சூடு ஏற ஏறத் துகள்களின் எல்லை அழிந்து ஒன்றோடு ஒன்று உருகிச் சேரும். முழுக்கச் சேர்ந்துவிட்டால் இழுத்தாலும் அறுபடாத செருப்பு வாராகிவிடும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடு. துகள்கள் கைகோத்திருக்க வேண்டும், தாளில் தேய்த்தால் கையை விடவும் வேண்டும்.

அடுப்பிலிருந்து எடுத்த அச்சை அப்படியே ஆறவிடுங்கள், கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே போன பிறகுதான் பிரிக்க வேண்டும். சூட்டோடு பிடுங்கினால் மூலை கிழியும், வளைந்த ரப்பர் அந்த வளைவிலேயே நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு தடவை வார்த்ததிலும் ஒன்றை எடுத்து பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகம் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே மங்கலான வெள்ளையாக இருந்தால் நன்று. நடுவில் ஈரம் படிந்ததுபோல நிறம் மாறித் தெரிந்தால் வேகவில்லை. கண்ணாடிபோல மினுங்கி, பிளேடை எதிர்த்துத் துள்ளினால் அதிகம் வெந்துவிட்டது.

அடுத்தது தாளில் சோதனை. கோடு போட்ட நோட்டில் எச்.பி. பென்சிலால் தபால்தலை அளவுக்குக் கறுப்பு தீட்டி, புது ரப்பரின் மூலையால் நான்கு தடவை போய்வாருங்கள். இப்போது தாளைப் பார்க்காதீர்கள், உதிர்ந்த தூளைப் பாருங்கள். சேமியாபோல நீளநீளமாக உருண்டு, கறுப்பைத் தன்னுள் சுருட்டிக்கொண்டு கிடந்தால் அதுதான் பதம், ஊதினால் மொத்தமாகப் போய்விடும். ரவைபோலப் பொடிப்பொடியாகக் கொட்டினால் வேக்காடு குறைவு, அல்லது கார்பனேட் அதிகம். அடுத்த முறை ஐந்து நிமிஷம் கூட்டுங்கள், அதிலும் சரியாகாவிட்டால் கார்பனேட்டை 80 கிராமாகக் குறையுங்கள். தூளே வராமல் ரப்பரின் மூலை கறுத்து, தாளில் சாம்பல் பூச்சு பரவினால் சூடு அதிகம். அடுப்பைப் பத்து டிகிரி இறக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். சூட்டையும் கார்பனேட்டையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்றே தெரியாது.

அழிப்பது நன்றாக இருந்தும் மறுநாள் ரப்பர் எண்ணெய்ப் பிசுக்காக இருப்பது இன்னொரு குறை. வார்த்ததைப் பழுப்புத் தாளின்மேல் ஒரு நாள் பரப்பி வைத்தால் தெரிந்துவிடும். பஜ்ஜி வைத்த காகிதம்போல வட்டம் விழுந்தால் ரெசின் எண்ணெயை முழுதாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்று பொருள். பெரும்பாலும் வேக்காடு குறைவுதான் காரணம். வேக்காடு சரியாக இருந்தும் வட்டம் விழுந்தால் எண்ணெயை 110 கிராமாக்குங்கள்.

நிறம் வேண்டுமென்றால் டி.ஓ.டி.பி.யிலேயே அரைத்த பிக்மென்ட் (கரையாத நிறத்தூள்) பேஸ்ட் மொத்த எடையில் அரை சதவீதம் போதும். எண்ணெயில் கரையும் சாயத்தைப் போட்டால் ரப்பர் தாளில் நிறம் இறக்கும். கேக்குக்குப் போடும் கலரில் தண்ணீர் இருக்கிறது, ஓட்டை விழும். இரண்டு நிறமாக வார்க்க ஆசையிருந்தால், முதல் அடுக்கை 100 டிகிரியில் மினுமினுப்பு போய் மேற்பரப்பு மங்கும் வரை மட்டும் இறுகவைத்து, உடனே இரண்டாவதை ஊற்றி, இரண்டையும் சேர்த்து வேகவையுங்கள். முதல் அடுக்கு முழுக்க வெந்த பிறகு ஊற்றினால் நாலு நாளில் இரண்டாகப் பிரிந்து வரும். வாசனை சேர்க்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். வாசனைத் திரவம் சூட்டில் ஆவியாகித் தீப்பிடிக்கும் அபாயம் ஒரு பக்கம். மிட்டாய் மணக்கும் ரப்பரை மூன்று வயதுக் குழந்தை வாயில் போடும் என்பது அதைவிடப் பெரிய பயம். பழம், பிஸ்கட் மாதிரி வடிவங்களும், தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சின்னத் துண்டுகளும் வேண்டாம் என்பதும் அதே காரணத்தால்தான்.

செய்து முடித்த ரப்பரை எதில் வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஜியாமெட்ரி பாக்ஸில் பிளாஸ்டிக் ஸ்கேலும் ரப்பரும் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பரிலிருக்கும் எண்ணெய் மெல்ல வெளியேறி, பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்கை இளக்கிவிடுகிறது. கடை ரப்பரின் இடுப்பில் அட்டைச் சட்டை போட்டிருப்பது அழகுக்காக மட்டுமல்ல, இதற்காகவும்தான். கல்யாணப் பத்திரிகை அட்டையை 26 மி.மீ. பட்டையாக வெட்டி, 40 மி.மீ. ரப்பரின் நடுவில் இறுக்கமாகச் சுற்றி ஒட்டினால் அதே சட்டை நமக்கும் ஆயிற்று. அதற்கு முன் ரப்பர்களைக் கொஞ்சம் கார்பனேட் மாவில் புரட்டித் தட்டிவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. மொத்தமாகச் சேமிக்க அட்டைப் பெட்டியோ பாலிப்ரொப்பிலீன் டப்பாவோ போதும். மேலே வார்த்த தேதியும், அடுப்புச் சூடும், நிமிஷமும் எழுதி, வெட்டிப் பார்த்த அந்த ஒரு துண்டையும் கூடவே போட்டு வையுங்கள். அடுத்த மூட்டை ரெசின் மாறி வந்தால் ஒப்பிட அது வேண்டும்.

மிஞ்சிய குழம்பைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பழைய தகர மூடியில் மெலிதாக ஊற்றி வேகவைத்துக் கட்டியாக்கி, மக்காத குப்பையில் சேருங்கள். வெட்டிய ஓரம், வீணான ரப்பர் எதையும் தெருவோரக் குப்பையோடு எரிக்கவே கூடாது. பி.வி.சி. எரிந்தால் அமிலப் புகையும் டையாக்சின் என்ற நச்சும் வரும்.